லீவு நாளில் பிறந்தவர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெற்றது அவரவர் அம்மாக்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்பதை முடிவு செய்தது எங்கள் தலைமை ஆசிரியர். இப்போது அவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பர், புத்தகம் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகக் கேள்வி. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வாடிப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊரில் இருந்தது எங்கள் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். அவர் ஒருவர், நான் ஒருத்தி. ஜூன் மாதம் முதல் வகுப்புச் சேர்க்கை நடக்கும். பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவரவர் பிறந்தநாளே கிடைத்துவிடும். செங்கல் சூளையிலும், கரும்பு வெட்டப் போன இடத்திலும் பிறந்த பிள்ளைகளுக்கு ஏது சான்றிதழ்? அவர்களைத் தன் மேசைக்கு முன்னால் நிறுத்துவார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். டாக்டர் வேண்டாம், தாசில்தார் வேண்டாம். ஒரு கை, ஒரு காது போதும்.

"எட்டிருச்சு. எழுதுங்க டீச்சர், மே பன்னெண்டு" என்பார்.

நான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். மே எட்டு, மே பன்னிரண்டு, மே இருபது என்று மூன்று தேதிகள் அவர் கைவசம் இருந்தன. அவற்றைத்தான் மாற்றி மாற்றிக் கொடுப்பார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "என்ன சார், ஒங்க ஊர்ல மே மாசம் மட்டுந்தான் பிரசவம் ஆகுமா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல ஆடிக்குப் பொண்ண ஆத்தா வீட்டுக்கு அனுப்புறதில்லைங்க சார்" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஏன் மே மாதம் என்று நானும் ஒருநாள் கேட்டேன். "வகுப்புல ஒருத்தன் பொறந்தநாள்னு மிட்டாய் குடுத்தா, மத்தவய்ங்க வீட்ல போயி அழுவாய்ங்க டீச்சர். மிட்டாய்க்கு ஆத்தாகாரி எங்க போவா? லீவுல பொறந்துட்டா ஒரு பஞ்சாயத்தும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவர்போல வேகமாக வெளியே போய் ஒரு பையனைப் பார்த்துக் கத்தினார்.

கத்துவது அவருக்குத் தொழில். பாடம் நடத்துவதை இடையிடையே செய்வார். காலை ஒன்பது பத்துக்கு வருகிறவனை வாசலில் நிறுத்தி, "டிசியக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன். சட்டம்னா சட்டம்தான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்குவார். பெரிய தப்பு என்றால் தண்டனைப் பதிவேடு. அப்படி ஒரு நீல அட்டை நோட்டு உண்மையிலேயே இருந்தது. சத்துணவுக் கூடத்தில் முட்டை திருடியவன், பக்கத்துத் தோட்டத்து மாங்காய்மேல் கல்லெறிந்தவன் எல்லாரும் அதற்குப் பயந்து நடுங்குவார்கள். "எழுதுங்க டீச்சர் இவன் பேர! இவனயெல்லாம் சும்மா விடக் கூடாது!" என்பார். நான் பேனாவைத் திறப்பேன். பையன் அழுதுகொண்டே வகுப்புக்குப் போனதும் குரலை இறக்கி, "சும்மா மூடி வைங்க டீச்சர்" என்பார். பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்த நோட்டில் அட்டையில் இருந்த தலைப்பைத் தவிர ஓர் எழுத்து கிடையாது.

வாய் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். அவரைப் பற்றி இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டால் போதும். எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. இருந்தும் பின்னால் ஒருமுறை ஏமாந்தேன்.

ஓய்வு பெற்றதும் மதுரையில் ஆனையூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தார். என் வீடும் அங்கேதான், இரண்டு தெரு தள்ளி. எனக்குச் சர்க்கரை வந்து, நடந்தே தீர வேண்டும் என்றாகி, காலையில் பூங்காவுக்குப் போனால் அங்கே ஒரு பாராளுமன்றம் நடந்துகொண்டிருந்தது. நாலு சுற்று நடந்துவிட்டு நாற்பது நிமிஷம் நாட்டைத் திருத்துவார்கள். அந்தச் சமயத்தில் டிவியில் தினமும் ஒரே விவாதம். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அரிவாளோடு திரிகிறார்கள், அவர்களைச் சிறுவன் என்று விடுவதா, பெரியவன்போலத் தண்டிப்பதா என்று நாலு பேர் உட்கார்ந்து கத்துவார்கள். இரவு டிவியில் கத்தியதைக் காலையில் இவர்கள் பூங்காவில் கத்துவார்கள்.

எங்கள் தலைமை ஆசிரியர் எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம். "தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே வயசு வந்தாச்சு. அருவாளத் தூக்கத் தெரியுதுல்ல? அப்பறம் என்ன பச்சப்புள்ள? வயசுங்கிறது வெறும் பேப்பர் சார்!" என்பார்.

கடைசி வாக்கியத்தைச் சொல்ல இந்தத் தமிழ்நாட்டிலேயே அவரைவிடத் தகுதியானவர் வேறு யார்?

எதிர்க்கட்சித் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர். கருணையே வடிவானவர். "மூளை முழுசா வளர இருபத்தஞ்சு வயசு ஆகும் சார். அதுவரைக்கும் திருந்த வாய்ப்புக் குடுக்கணும்" என்பார். "அப்ப ஒங்களுக்கு எப்ப சார் வளரும்?" என்று இவர் கேட்டு, இரண்டு நாள் இருவரும் பேசாமல் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். அந்தக் கருணைக் கடல், எதிர்வீட்டுப் பையன் அடித்த பந்து தன் கார் கண்ணாடியில் பட்டபோது, போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று தெருவையே இரண்டாக்கினார். பையனுக்குப் பதினோரு வயது. மூளை வளர இன்னும் பதினாலு வருஷம் பாக்கி இருந்தது.

இப்படியிருக்கும்போது ஓர் ஆகஸ்ட் மாதம், பூங்காக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காளவாசல் பக்கம் ஒரு கடையின் கேமராவில் பதிவானது. காய்கறிப் பையோடு ஒரு அம்மா நடந்து போகிறார். பின்னால் பைக்கில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சங்கிலியை இழுக்கிறான். அந்த அம்மா கையை ஊன்றி விழுகிறார். கை மடங்குவது தெரிகிறது. முகத்தில் துணி கட்டியிருந்ததால் பையன்களை அடையாளம் தெரியவில்லை. அனுப்பியவர் எங்கள் தலைமை ஆசிரியர். கீழே அவரே எழுதியிருந்தார்: "இவய்ங்களுக்கு வயசு பார்க்கக் கூடாது. பெரியவனுக்குள்ள தண்டனையே குடுக்கணும்." அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று என்னுடையது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டியம்மா என் வீட்டு வாசலில் நின்றாள். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்தவள். வாடிப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"டீச்சர், அந்த வீடியோவுல பின்னாடி உக்காந்திருந்தது எங்க கார்த்திதான்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"செஞ்சது தப்புத்தேன். நான் ஒண்ணும் இல்லைங்கல. சகவாசம் கெட்டுப்போச்சு. ஒம்பதாவதோட நின்னவன், கேக்க ஆளில்ல. ஆனா பெரிய ஆம்பளைகளோட ஜெயில்ல போட்டுட்டாங்க டீச்சர். வக்கீலக் கேட்டா, ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுப்படி பதினெட்டு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுன்றாரு. அவனுக்குப் பதினேழுதான? நீங்கதான எழுதுனீங்க? ஒங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

கார்த்தியைச் சேர்த்த வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. ஒரே ஒன்று. கணக்கெடுப்பன்று அந்த ஒன்று இல்லையென்றால் இரண்டாவது ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுவார்கள். இரண்டாவது ஆசிரியர் நான்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே தூக்கி அடிக்கப் போகிறார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சமையல்கட்டு வாசலில் கார்த்தி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். சூளையில் பிறந்தவன். நான்கு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தலைமை ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அவன் கையைத் தலைக்கு மேல் வளைத்தான். எட்டவில்லை. ஓர் அங்குலம் குறைந்தது. அவர் அவன் தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். அப்போதும் எட்டவில்லை. அவனுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

"எட்டிருச்சு. எழுதுங்க டீச்சர், மே பன்னெண்டு."

அதற்கேற்ற வருஷத்தையும் அவரே சொன்னார். நான் எழுதினேன். என் வேலை தப்பியது. பாண்டியம்மாவுக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. மகன் ஒரு வருஷம் முந்திப் படிப்பான், ஒரு வருஷம் முந்தி வேலைக்குப் போவான் என்றாள். முந்தித்தான் போனான், ஜெயிலுக்கு.

அவளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"கோர்ட்டுல வந்து, நான் எழுதுனது பொய்னு சொல்லணுமா?"

"ஆமா சார்."

"என்னைய உள்ள தூக்கிப் போட்டா? பென்ஷன நிறுத்திட்டா? நான் என்ன டீச்சர், கெட்ட எண்ணத்துலயா செஞ்சேன்? ஊர்ல எல்லாரும் செஞ்சாங்க, நானும் செஞ்சேன். பின்னால இப்படி வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இதையேதான் சார் கார்த்தியும் போலீஸ்ல சொன்னானாம்" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. பொய் சொல்வானேன்.

அவ்வளவுதான், எழுந்துவிட்டார். பழைய குரல் வந்துவிட்டது. ஆனால் என்னிடம் இல்லை, பாண்டியம்மாவிடம். "புள்ளய வளக்கத் தெரியல, வயசக் கேட்டு வந்துட்டியா? ஒரு பொம்பளையக் கீழ தள்ளிக் கைய முறிச்சிருக்கான்! உள்ளயே கெடக்கட்டும்! அவனயெல்லாம் சும்மா விடக் கூடாது! சட்டம்னா சட்டம்தான்!"

பாண்டியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காலில் செருப்பு நுழையவில்லை. இந்த மனுஷனையா சார் சார் என்று பதினோரு வருஷம் கும்பிட்டோம் என்றிருந்தது. இனி ஜென்மத்துக்கும் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று நான் தெருக் கேட்டைத் திறந்தபோது, பின்னால் குரல் இறங்கி வந்தது.

"கோர்ட்டு என்னைக்கு டீச்சர்?"

கோர்ட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வருகிற மாதிரி. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டில் அந்தத் தேதியை எழுதிய எழுத்து என்னுடையது. எனக்குச் சர்வீஸ் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது. அவர் கூண்டில் ஏறியதும் முதல் வேலையாக அந்த எழுத்தைப் பற்றித்தான் சொன்னார்.

"எழுதுனது டீச்சர். எழுதச் சொன்னது நான். சொன்னத எழுதலைன்னா அவங்க மேல நடவடிக்கை எடுத்திருப்பேன். பேனா அவங்களது, பொய் என்னுது."

யார்மேலும் ஒரு வரி எழுதாத மனுஷன் அதைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அரசு வக்கீல் விடவில்லை. "இப்படி எத்தன பேருக்கு நீங்களா தேதி போட்டீங்க?"

"சர்ட்டிபிகேட் இல்லாம வந்த அம்புட்டுப் பேருக்கும்ங்க."

"அம்புட்டுப் பேர்ல இந்தப் பையனுக்கு மட்டும் வயசு தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? இவ்வளவு வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்கா?"

அவர் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "மத்தவய்ங்களுக்கு எல்லாம் எட்டுச்சுங்கய்யா. இவனுக்கு எட்டல. எட்டாம நான் சேத்தது இவன் ஒருத்தனத்தான். எப்படிங்க மறக்கும்?"

வாசலில் நின்ற போலீஸ்காரர் யாருக்கும் தெரியாமல் தொப்பியைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தார். எட்டியது. மேஜர்தான். கார்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மீசை அரும்பியிருந்தது. அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தான். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

வயதைக் கண்டுபிடிக்க எலும்புச் சோதனைக்கு உத்தரவானது. வெளியே வந்தபோது மரத்தடியில் வீடியோவில் விழுந்த அந்த அம்மா நின்றிருந்தார், வலது கையில் மாவுக்கட்டு. மீட்ட சங்கிலியைத் திரும்ப வாங்க மனுப் போட வந்திருந்தாராம். உள்ளே நடந்ததையும் கேட்டிருக்கிறார். எங்களைப் பார்த்து நேராகவே சொன்னார்:

"அவனுக்குப் பதினேழா பதினெட்டான்னு ஆறு வாட்டி கேட்டாக. எனக்கு எம்புட்டு வயசு, இனி இந்தக் கை கூடுமான்னு ஒருத்தரும் கேக்கல."

டிவியில் நாலு பேரும் பூங்காவில் பத்துப் பேரும் இத்தனை மாதம் கத்தியதில் இந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் தலைமை ஆசிரியர் வாயைத் திறந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். "எத்தன வயசுங்கம்மா?" என்று கேட்டார்.

"தெரியல. அறுவது இருக்கும். ஆதார்ல ஏதோ போட்டிருக்கு."

அவர் தலையாட்டினார். பாண்டியம்மா அந்த அம்மாவின் காலில் விழப்போனாள். "வேணாம்த்தா, நீ என்ன செய்வ" என்று இடது கையால் தடுத்துவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

சோதனை செய்த டாக்டர், வயது பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவரவர் வசதிக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளும்படி எலும்பும் கட்சி சேராமல் நின்றுவிட்டது. சந்தேகத்தின் பலன் பையனுக்கு என்று சொல்லி, தலைமை ஆசிரியர் சொன்னதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, வழக்கை இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் சிறுவர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே முடிவானது. இவர்மேல் துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் போட்டார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அது அரசாங்கத்தின் கருணையா சோம்பலா என்று எனக்குத் தெரியாது.

பூங்கா அவ்வளவு லேசில் விடுமா? "திருடனைக் காப்பாற்ற வயதைத் திருத்திய வாத்தியார்! முதலில் இவரை உள்ளே போட வேண்டும்!" என்று குழுவில் ஒரு செய்தி வந்தது. போட்டவர் கருணைக் கடல். கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தேன். அதில் ஒன்று எங்கள் தலைமை ஆசிரியருடையது. மறுநாள் காலையில் அதே பூங்காவில், அதே குரலில், "வயசெல்லாம் பார்க்கக் கூடாது சார்" என்று யாரிடமோ முழங்கிக்கொண்டிருந்தார். திருந்தவே இல்லை.

என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார். "ஆர்டர்ல பொறந்த தேதி என்ன போட்டிருக்காங்க டீச்சர்?"

பாண்டியம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். 'அழகர் ஆத்துல எறங்குன மறுவாரம்' என்று சொல்லியிருக்கிறாள். அதை எப்படி எழுதுவது? தேதியை அப்படியே வைத்துக்கொண்டு வருஷத்தை மட்டும் ஒன்று கூட்டிவிட்டார்கள்.

"மே பன்னெண்டுதான் சார்."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த இல்லத்துல மே மாசம் லீவு உண்டா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி அவர் பூங்காவுக்கு வரவில்லை. பத்து மணிக்குப் பாண்டியம்மாவிடமிருந்து போன் வந்தது. மகனைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டு இல்லத்து வாசலில் நின்றிருக்கிறாள்.

"டீச்சர், நம்ம சாரு இங்கன வந்து நிக்கிறாரு. உள்ள இருக்குற அம்புட்டுப் புள்ளைகளுக்கும் குடுக்கணும்னு ஒரு பை நிறைய மிட்டாய் வாங்கியாந்திருக்காரு. வெளித் திண்பண்டம் உள்ள போகக் கூடாது, அதுதான் சட்டம்னு வாட்ச்மேன் தடுக்குறாரு. சாரு கேக்க மாட்டேங்குறாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

போனுக்குள் அந்தப் பழைய குரல் தெளிவாகக் கேட்டது. ஒன்பது பத்துக்கு வந்தவனை வாசலில் நிறுத்திய அதே குரல். இப்போது வாசலுக்கு வெளியே நின்று அது கத்திக்கொண்டிருந்தது.

"சின்னப் பயலுக்குப் பொறந்தநாளுய்யா! ஒரு மிட்டாய்க்கு என்னய்யா சட்டம்?"